மாட்டேன்னு சொல்லாதே மைனா

பீர்மேட்டு ஏற்றத்தில் ஜோபி ஜீப்பைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தது. பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த, தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

"மாட்டேன்னு சொல்லாதே மைனா,
மண்ணுக்குள்ள தூங்கணும் வீணா..."

மூன்று வருஷமாக இந்தப் பாட்டில்லாமல் எஸ்டேட்டில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அவர்களோடு உட்கார்ந்திருந்த சித்ராவின் கால் தானாகத் தாளம் போட்டது. முழங்காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஜோபி சேட்டா, பாட்ட நிப்பாட்டுங்க."

"எந்தா சித்ரா, அடிபொளி பாட்டல்லே?"

"வார்த்தையக் கேட்டீங்களா? மாட்டேன்னு சொன்னவளக் குழியில போடுறான்."

ஜோபியின் கை சட்டென்று பாட்டை நிறுத்தியது. சித்ராவின் தங்கை இந்து எப்படிச் செத்தாள் என்று எஸ்டேட் லயத்து வீடுகளில் தெரியாதவர்கள் இல்லை. கட்டிக்க மாட்டேன் என்று சொன்னதற்காகப் போன வருஷம் பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பில் வைத்து ஒருத்தன் அவளைக் கத்தியால் குத்தினான்.

ஜீப்பில் பாட்டு நின்றுவிட்டது. ஆனால் சித்ராவின் தலைக்குள் பாட்டு நிற்கவில்லை. அன்று முழுக்க அவள் விரல்கள் அந்தத் தாளத்திலேயே கொழுந்து கிள்ளின.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அம்மா சாந்தம்மாள் அரிசி களைந்துகொண்டே அதே பாட்டை முனகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! அது என்ன பாட்டுன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? அந்தப் பய போன்ல வச்சிக்கிட்டு இந்து பின்னாலயே சுத்துன பாட்டு."

சித்ராவுக்கு அது புதுச் செய்தி. "தெரிஞ்சுமா பாடுற?"

சாந்தம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். "அவளுக்கும் பிடிச்ச பாட்டுடி. இங்ஙன நின்னுதான் இடுப்ப ஆட்டி ஆட்டி ஆடுவா. 'அம்மா, என்னயப் பாத்தா அவன் இதத்தான் போடுறான்'னு சொல்லிச் சிரிச்சா. பாட்டுத்தானேன்னு நானும் சிரிச்சேன்."

சித்ரா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அவ குரலு எனக்கு மறந்துக்கிட்டே வருது. இத முனகுனாத்தான் காதுல கேக்குது. வேணாம்னா சொல்லு, விட்டுர்றேன்."

சித்ரா எட்டி அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டாள்.

சாந்தம்மாள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு மறுபடியும் தொடங்கினாள். வார்த்தை இல்லை, மெட்டு மட்டும். இரண்டாவது அடி, 'மண்ணுக்குள்ள' வரும் இடத்தில் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள். மறுபடியும் அதே இடத்தில் நின்றாள்.