எட்டு வீட்டுக்கு ஒரு அலாரம்

வரிசையில் இருந்த எட்டு வாடகை வீடுகளுக்கும் சேர்த்து வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு புகை அலாரம். வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சி ஆய்வாளர் வருவார். அவர் ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வீட்டுப் படி ஏறுவதற்குள் அலாரத்தைக் கழற்றிப் பின்சுவருக்கு மேலாக அந்த வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்தத் திருட்டு வேலையைக் குடியிருந்தவர்களே செய்தார்கள். அலாரம் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பூட்டு, பதினைந்து நாளில் காலி என்பது விதி. தப்பு வீட்டுக்காரருடையது, தெருவில் நிற்பது குடியிருப்பவர்கள். நல்ல விதி!

மூன்றாம் வீட்டு இஸ்திரிக்காரிக்கு இந்த முறை வயிறு எரிந்தது. போன வாரம் அவள் சலவைக் கடையில் இருந்தபோது வீட்டில் சுவிட்சுப் பெட்டி புகைந்து திரைச்சீலை கருகியது. உள்ளே ஏழு வயது மகள் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். புகை எதிர்வீட்டுக்காரர் கண்ணில் பட்டதால் பிள்ளை பிழைத்தது. வீட்டுக்கு ஒரு அலாரம் வேண்டும் என்று சொன்னதற்கு வீட்டுக்காரர், "பாக்கலாம்" என்றார். இரண்டு வருஷமாக அதே பதில்தான்.

ஆய்வாளர் கூரையை அண்ணாந்து பார்த்து டிக் அடித்துவிட்டு வெளியே போனார்.

"அக்கா, சீக்கிரம் குடுங்க!" பின்சுவருக்கு அப்பால் நாலாம் வீட்டுக்காரி கையை நீட்டினாள்.

இஸ்திரிக்காரி ஸ்டூலில் ஏறி அலாரத்தைக் கழற்றினாள். பிடித்தால் கனமே இல்லை. பொத்தானை அமுக்கினாள். சத்தம் வரவில்லை. பின்மூடியைத் திறந்தாள். பேட்டரி இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டடை இருந்தது.

அவள் பின்பக்கம் போகவில்லை. வாசலுக்கு ஓடி ஆய்வாளரை மறித்தாள்.

"இந்தாங்க சார். அடுத்த வீட்டுக்கு நீங்களே எடுத்துட்டுப் போங்க."

அவர் பதறவே இல்லை. "தெரியும்மா. அதுல பெயிண்ட் தெறிச்சிருக்குல்ல, மூணு வருஷமா எல்லா வீட்லயும் அதையேதான் பாக்கறேன். உங்க நல்லதுக்குத்தான் கண்டுக்காம விட்டேன்."

"பேட்டரி இல்லாததும் தெரியுமா?"

"அமுக்கிப் பாக்கணும்னு ஃபாரத்துல இல்லம்மா."

"என் பொண்ணு கரிக்கட்டையா கெடந்திருந்தா அதுக்கு எங்க சார் டிக் அடிச்சிருப்பீங்க? அலாரம் இல்லைன்னு எழுதுங்க!"

"எழுதினா நீங்கதாம்மா காலி பண்ணணும்."

பிள்ளையோடு எங்கே போவது? அதற்குள் நாலாம் வீட்டுக்காரி சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏங்க்கா, எங்களையும் சேத்துத் தெருவுல விடப் பாக்கறீங்களா?"

இஸ்திரிக்காரி அலாரத்தை அவள் கையில் திணித்தாள். நாலாம் வீட்டுக்காரி இரண்டு கைக்குழந்தைகளின் தாய். பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். பின்மூடியைத் திறந்து பார்த்தாள். முகம் மாறியது.

"எங்க வீட்லயும் இல்லைன்னு எழுதுங்க சார்" என்றாள். பிறகு தெருவே அதிரக் கத்தினாள். "எல்லாரும் வெளிய வாங்க!"

ஏற்கெனவே டிக் வாங்கிய முதல் இரண்டு வீடுகளின் கதவுகளும் திறந்தன.

"எட்டையும் எழுதுங்க" என்றாள் இஸ்திரிக்காரி. "பதினஞ்சாம் நாள் எட்டுக் குடும்பமும் சட்டி பானையோட உங்க ஆபீசுக்குத்தான் வருவோம்."

டிக் அடிக்கத் தயங்காத அந்தப் பேனா அப்படியே நின்றது.