கல்லு பிலிபேர் அசைந்த நாள்

பிலிபேருக்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். அசையாமல் இருப்பது. அதை லேசாக நினைத்துவிடாதீர்கள். மூக்கின் மேல் ஈ உட்கார்ந்து குடித்தனம் நடத்தினாலும் சரி, கண்ணாடிக் கூரையில் ஆலங்கட்டி மழை அடித்தாலும் சரி, முதலாளி "நில்" என்று குரல் கொடுத்துவிட்டால் அவன் நின்றது நின்றதுதான். ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவனால் படம் கெட்டதில்லை. பிரான்ஸில் மார்ன் ஆற்றங்கரையில் ஊமைப்படம் எடுத்த அந்தக் கண்ணாடிக் கொட்டகையில் அவனுக்குக் கல்லு பிலிபேர் என்றே பெயர்.

சும்மா நிற்பதற்கு ஒரு பெயரா என்று கேட்பீர்கள். முதலாளி கூர்த்தியே எடுப்பதெல்லாம் மாயப்படம். தேவதை கிழவியாக மாற வேண்டுமென்றால் "நில்" என்பார். கேமராக்காரர் ஆன்செல்ம் கைப்பிடி சுற்றுவதை நிறுத்துவார். எல்லாரும் இருந்தது இருந்தபடி உறைந்து நிற்க, தேவதை மட்டும் இறங்கிப் போவாள். அவள் இடத்தில் கிழவி வந்து நிற்பாள். மறுபடி சுற்றினால் திரையில் கண் இமைப்பதற்குள் தேவதை கிழவியாகிவிடுவாள். நடுவில் எவனாவது முழங்கையைச் சொறிந்தால் போச்சு. திரையில் கை வெட்டிக்கொண்டு துள்ளும், ஜனம் ஊளையிடும்.

அன்றைக்கு எடுத்தது ஒரு பாலாடைக்கட்டி வியாபாரியின் கனவு. மூக்குமுட்டத் தின்றுவிட்டுத் தூங்கும் வியாபாரி பிலிபேர்தான். கனவில் நட்சத்திர தேவதை இறங்கி வருவாள். அவன் மண்டிபோட்டு, கையை நீட்டி, வாயைப் பிளந்து நிற்பான். கட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் அவள் மாமியாராக மாறி அவன் மேல் பாய்வாள். மேலே நாலு நிலா சிரிக்கும். அந்த நாலு நிலாவுக்காக இரண்டு நாளாய் ஒரே ஃபிலிமைத் திரும்பத் திரும்பப் பின்னால் சுற்றி, கறுப்புத் துணிக்கு முன்னால் தடவைக்கு ஒரு நிலாவாக நாலு தடவை படம் பிடித்திருந்தார்கள். இப்போது அதே ஃபிலிமில் ஐந்தாவது தடவை. இது கெட்டால் நிலாக்களும் சேர்ந்து கெடும். முதலாளியோ ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் காட்டப்போவதாகச் சுவரொட்டி வேறு ஒட்டிவிட்டார்.

தேவதையாக வந்தவள் லெயோன்தின். மூன்று வருஷமாக மத்தியானம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கொத்துக்கறி தடவிய ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து அவனுக்குக் கொடுப்பாள். அவள் மேல் அவனுக்கு உயிர். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பான். அசையாமல் இருக்கிற வித்தை நாக்குக்கும் பரவிவிட்டது போலிருக்கிறது, சொன்னதே இல்லை.

அன்று காலை அவள் ஒரு கடிதத்தைக் காட்டினாள். பிரஸ்ஸல்ஸில் ஒரு நடன அரங்கில் அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். 'வருகிறேன்' என்று பதில் எழுதிக் கையோடு வைத்திருந்தாள்.

"என்ன சொல்றீங்க, போகட்டுமா?"

பிலிபேர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "உங்க இஷ்டம்," என்றான்.

கருகிப்போன ரொட்டியைப் பார்ப்பதுபோல அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அவள் வேஷம் கட்டப் போனாள்.

பதினொன்றரைக்குச் சுற்ற ஆரம்பித்தார்கள். தேவதை வந்தாள், பிலிபேர் மண்டிபோட்டான், வாயைப் பிளந்தான். "நில்." லெயோன்தின் இறங்கிப் போனாள். மாமியார் வேஷத்தில் பப்திஸ்த் வந்து அவள் கால் வைத்த சுண்ணாம்புக் குறியில் நின்றான். நூறு கிலோ ஆள். பாவாடை, தொப்பி, கறுப்பு உதட்டுச்சாயம். சரியாக அந்த நேரம் பார்த்துச் சூரியனை மேகம் மூடியது.

"முதலாளி, வெளிச்சம் போச்சு," என்றார் ஆன்செல்ம்.

"தெரியுது. யாரும் அசையாதீங்க. இதோ போயிடும்."

எங்கே போயிற்று? அது பாட்டுக்கு ஆற்றின் மேல் படுத்துக்கொண்டது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். பிலிபேரின் தாடை விண்விண்ணென்று தெறித்தது.

"சும்மாதான திறந்து கெடக்கு, இவன் வாய்ல குடை வைக்கலாமா முதலாளி?" என்றான் பப்திஸ்த், உதடு அசையாமல்.

நட்சத்திர உடைக்கு மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு லெயோன்தின் முக்காலியோடு வந்தாள். அவள் வேலை முடிந்துவிட்டது, எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். பிலிபேர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க நழுவ முடியாத நேரம் இது ஒண்ணுதான் பிலிபேர். அதனால இப்பவே கேக்கறேன்."

"நான் காதைப் பொத்திக்கணும். ஆனா கையைத் தூக்கக்கூடாதாம்," என்றான் பப்திஸ்த்.

"நீ கேளு. எனக்குச் சாட்சி வேணும்." அவள் பிலிபேரைப் பார்த்தே பேசினாள். "மழைன்னா குடை பிடிச்சிட்டு வீட்டு வாசல் வரைக்கும் வர்றீங்க. 'நல்ல மழை'ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் போயிடறீங்க. மூணு வருஷமா எத்தனை மழை? நான் இருக்கணுமா, போகணுமா? பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் தெருமுனைப் பெட்டியைத் திறப்பார். அதுக்குள்ள சொல்லுங்க."

பிலிபேர் படபடவென்று கண்ணைச் சிமிட்டினான்.

"கண்ணைச் சிமிட்டாதீங்க. கறிக்கடைக்காரர்கூடத்தான் என்னைப் பாத்துச் சிமிட்டறார். அதுக்காக ஊரோட இருக்க முடியுமா? வாயால சொல்லுங்க."

"ஆ... ஹா..."

"பிலிபேர், தாடையை ஆட்டாதே. மேல நாலு நிலா இருக்கு, மறந்துடாதே," என்றார் முதலாளி.

லெயோன்தின் எழுந்தாள். "நாலு நிலாவுக்கு முன்னால நான் எந்த மூலைக்கு," என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பிலிபேர் அசையவில்லை. பீப்பாய்க் கடையில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவனை முதலாளி கூட்டிவந்து மனிதனாக்கியது ஞாபகம் வந்தது. இரண்டு நாள் உழைப்பு, சுவரொட்டி, ஆறு வருஷமாகக் காப்பாற்றிய பெயர் எல்லாம் வரிசையாக வந்தது. மரப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாகக் குறைந்தது. மாதா கோயில் மணி பன்னிரண்டில் முதல் அடி அடித்தது. இனிமேல் மத்தியானங்களில் அந்த பெஞ்சில் தான் மட்டும் முழு ரொட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்தான். அவ்வளவுதான், எழுந்து ஓடினான்.

முதலாளி அண்ணாந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பளிச்சென்று வெயில் அடித்தது. "சுற்று," என்றார். ஆன்செல்ம் சுற்றும்போது கையைப் பார்த்துச் சுற்றை எண்ணுவாரே தவிர, எதிரே தலைபோனாலும் நிமிர மாட்டார். சுற்றினார். பிலிபேர் தெருவில் இறங்கும்போது பின்னால் தடால் என்று ஒரு சத்தம் கேட்டது.

இரவுச் சட்டை, குஞ்சம் வைத்த தூக்கத் தொப்பி, சுண்ணாம்பாய் வெளுத்த முகம். துணி துவைத்துக்கொண்டு வந்த பெண்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். தபால்காரர் பையை விரித்திருந்தார். லெயோன்தினின் கை கடிதத்தோடு பாதி தூரம் போயிருந்தது.

"ஆ... ஆ..." தாடை பூட்டிக்கொண்டு மூட மாட்டேன் என்றது.

தபால்காரர் ஓரடி பின்னால் போனார். "இவருக்கு என்னம்மா, பல்வலியா?"

"மூணு வருஷமா இப்படித்தான்," என்றாள்.

பிலிபேர் இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து மேலே தள்ளினான். 'கடக்' என்றது. "போகாதீங்க," என்றான். "நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

இப்போது லெயோன்தின் கல்லாகிவிட்டாள். கை நீட்டியபடியே நின்றது. கண்ணில் மட்டும் தண்ணீர் நிறைந்தது.

"கடுதாசியைப் போடறீங்களா இல்லையா? எனக்கு இன்னும் ஆறு பெட்டி இருக்கு," என்றார் தபால்காரர்.

"இது வேண்டாம். நாளைக்கு வேற எழுதறேன்," என்று அவள் அதைக் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டாள்.

கொட்டகையில் கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்குக் கையில் வேறு படம் இல்லாததால், விதியே என்று அதையே சந்தைக் கூடாரத்தில் காட்டினார் முதலாளி. பிலிபேரும் லெயோன்தினும் கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்தார்கள்.

திரையில் தேவதை சட்டென்று மாமியாரானாள். அதே இமைப்பொழுதில் வியாபாரி மாயமாய் மறைந்தான். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு ஆசையோடு பாய்ந்து வெறும் காற்றைக் கட்டிப்பிடித்து, அங்கே அடுக்கியிருந்த பாலாடைக்கட்டிக் குவியலுக்குள் குப்புற விழுந்தாள். மேலே நாலு நிலாவும் சிரித்தன. கூடாரம் சரிந்துவிடும்போல ஜனம் சிரித்தது, இன்னொரு தடவை போடச் சொல்லிக் காலால் தரையை உதைத்தது. முதலாளி மீசையைத் தடவிக்கொண்டு, யோசிச்சு வச்ச தந்திரம்தான் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்வது பிலிபேர் காதில் விழுந்தது.

அவர்களுக்கு முந்தின வரிசையில் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "ஆமா, அந்த மாப்பிள்ளை எங்கதான் போனான்?"

லெயோன்தின் பிலிபேரின் கையை விடாமலே சொன்னாள்.

"தபால் பெட்டிக்கு."