ஆறாம் அறையில் பழம் அறுத்தவன்

மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த பிறகு, சுங்குவார்சத்திரத்தில் லாட்ஜ் வைத்திருந்தவனெல்லாம் பாதிப் போலீஸ் ஆகிவிட்டான். பாண்டுரங்கன் முக்கால் போலீஸ். முன்பின் தெரியாத யாருக்கோ அறை கொடுத்ததற்காக அவனை ஒருநாள் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். இன்னொரு தடவை போனால் முழுசாக வீடு திரும்ப மாட்டோம் என்று பயந்து கிடந்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஆறாம் அறைக்கு ஜெபசிங் வந்து சேர்ந்தான். நாகர்கோவில்காரனாம், தாவரவியல் ஆராய்ச்சியாம். அவன் கொட்டாங்குச்சியைச் சிரட்டை என்றதுமே பாண்டுரங்கனுக்குச் சிலோன் தமிழ் கேட்டுவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

மூடிய கதவுக்குள் ரம்பச் சத்தம். பாண்டுரங்கன் தட்டினான்.

"இன்னா சார் அறுத்துக்கினு கீறீங்க?"

தரையெல்லாம் பிளந்த மாங்காய், தேங்காய், பாதாங்கொட்டை. கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் ஜெபசிங்குக்கு ஒரே சந்தோஷம்.

"பழத்துக்குத் தோல் மூணு அண்ணாச்சி. மாங்காய்ல நாம திங்கது நடுத்தோலு. கொட்டையில கெட்டியா ஓடு இருக்குல்லா, அதுதான் உள்தோலு. விதை அதுக்க உள்ள கிடக்கு. தேங்காய்க்குச் சிரட்டை. இப்படி ஓடு உள்ளதெல்லாம் ஒரு இனம். தக்காளி வேற இனம்."

"அப்போ ஆரஞ்சு?" தன்னை மறந்து கேட்டான் பாண்டுரங்கன்.

"அதுல சுளையே உள்தோலுதான்."

நன்றாகத்தான் இருந்தது. கொடுத்த மாம்பழத்தையும் தின்றான். படியிறங்கும்போது சந்தேகம் திரும்பிவிட்டது. தோல் தோலாகப் பேசுகிறவன் உள்ளே என்ன வைத்திருக்கிறானோ? நாமே முந்திக்கொண்டால் தப்பிக்கலாம். டீக்கடை போனில் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் வந்து ஜெபசிங்கின் பையைக் கொட்டினார். ஜெபசிங் விளக்க விளக்க, அவர் பழத்தை விட்டுவிட்டுப் பேச்சையே கவனித்தார்.

"எந்த ஊர்த் தமிழ்டா இது? ஏறு வண்டில."

ஜீப் அருகே பாண்டுரங்கனைக் கண்டதும் ஜெபசிங்கின் முகம் தெளிந்தது.

"அண்ணாச்சிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன் சார். கேட்டுப் பாருங்க."

"உனக்குத் தெரியுமாய்யா?"

பாண்டுரங்கனுக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் பையன் இறங்கிவிடுவான். ஆனால் தெரியும் என்றால் தானும் கூட ஏற வேண்டியிருக்குமோ?

"ரூம் குடுத்தேன் சார். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

"மறுபடியும் தெரியாதவனுக்கா ரூம் குடுத்தே?" என்று இன்ஸ்பெக்டர் பாண்டுரங்கனை முறைத்தார். ஜெபசிங் அவசரமாகச் சொன்னான்:

"அவரைக் கோவிச்சுக்காதீங்க சார். நான் சொன்னதை மறந்திருப்பாரு."