அக்காவின் நீலம்

தம்பிக்கு ஒரு இடத்தில் கால் தரிக்காது. அக்காவோ உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். ஆறு வருஷமாக அவர்களுடைய படம் எடுத்து விற்கும் தொழில் ஓடியதே இந்தப் பொருத்தத்தில்தான்.

அவன் கேமராவைத் தூக்கிக்கொண்டு பாலம், துறைமுகம், ரயில் பாதை என்று சுற்றி எடுத்துத் தள்ளுவான். மாதக் கடைசியில் ஹார்ட் டிஸ்க் அக்கா மேஜைக்கு வரும். உள்ளே இருப்பதெல்லாம் ரா ஃபைல். கேமரா கண்டதை அப்படியே வாரிப் போட்டு வைத்திருக்கும்; திறந்தால் நூறு தடவை துவைத்த சட்டை போல வெளிறிக் கிடக்கும். ஒவ்வொன்றையும் தேற்றி, சுவரளவுக்குப் பிரிண்ட் போட்டாலும் உடையாத முழு அளவு ஜேபெக்காக மாற்றித் தருவது அவள் வேலை. கலர் லேபில் பதினைந்து வருஷம் குப்பை கொட்டியவள். வானத்தில் ஒரு தூசி இருந்தாலும் விடமாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர்.

ஆறாம் வருஷம் அவன் படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். துறைமுகப் படத்தின் முன்னால் ஒரு அம்மாள் நெடுநேரம் நின்றார்.

"நிழலுக்குள்ள இப்படி ஒரு நீலம் எப்படிங்க கெடச்சுது?"

"காத்திருந்தேங்க. நாலு மணி நேரம்" என்றான் தம்பி.

அந்த நீலத்தை இரண்டு மத்தியானம் உட்கார்ந்து கொண்டுவந்தவள் மூன்றடி தள்ளி நின்றிருந்தாள். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் அந்த அம்மாளுக்கு விசிட்டிங் கார்டு எடுத்துக் கொடுத்தான்.

அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, நீ பண்ற மாத்தத்தையெல்லாம் ப்ரீசெட்டா சேமிச்சுக் குடேன். ஒரு க்ளிக்குல எல்லாப் படத்துக்கும் ஏறிடும். உனக்கும் கண்ணு வலி மிச்சம்."

கண் வலி அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்று அவள் மனசு குளிர்ந்துபோனது. நாலு நாள் மெனக்கெட்டுச் செய்து கொடுத்தாள். வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, பனிக்கு ஒன்று.

அந்த மாதம் டிஸ்க் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. போன் பண்ணினால், "நீ ரெஸ்ட் எடுக்கா" என்றான். மனசு கேட்காமல் அவன் வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

கம்ப்யூட்டர் முன்னால் தம்பி மனைவி இருந்தாள். "வாங்க அண்ணி! இருநூறு படம். குளிச்சிட்டு வரதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

திரையில் ஒரு இரும்புப் பாலம், பனிமூட்டம், பெயிண்ட் டப்பாவோடு கம்பியில் தொங்கும் ஒரு ஆள். அவள் பனிக்கென்று செய்து கொடுத்த நீலம் அந்த ஆள் முகத்திலும் அப்பியிருந்தது. உதடெல்லாம் நீலம்.

"டேய், இங்க வந்து பாரு. வேலை செய்யற மனுஷன்டா. பொணம் மாதிரி இருக்கான்."

தம்பி குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது. தெரிந்ததை அவள் கண்ணாரப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தான்.

"விடுக்கா. வாங்கி மாட்டறவன் மூஞ்சியையா பாக்கப் போறான்? சோபாவுக்குச் சேருதான்னு பாப்பான்."

தெரியாமல் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அந்த ஒரு ஃபைலை மட்டும் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் இழைத்தாள். பனி பனியாக இருந்தது. முகத்துக்கு ரத்தம் வந்தது. கன்னத்தில் தெறித்திருந்த பெயிண்ட் புள்ளிகூடத் துலங்கியது. முழு அளவில் அனுப்பிவைத்தாள். பதிலுக்குப் போனில் ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது.

மூன்று மாதம் கழித்துத் தம்பி ஒரு பெரிய பார்சலோடும் டிரில்லிங் மெஷினோடும் வந்து நின்றான்.

"இந்த வருஷம் சக்கைப்போடு போட்டது இந்தப் படந்தான். உனக்குன்னு ஒண்ணு எடுத்து வச்சேன்."

தான் தேற்றி அனுப்பியதாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். சுற்றியிருந்த தாளைக் கிழித்தாள். கண்ணாடிக்குள் அதே ஆள், அதே நீல உதடு. அவள் அனுப்பியதை அவன் திறந்தே பார்க்கவில்லை.

அதற்குள் அவன் ஸ்டூலில் ஏறிவிட்டான். "ஆடுது, புடிச்சுக்கோ" என்றான். பிடித்துக்கொண்டாள். சுவர்ப்பொடி அவள் தலையில் உதிர்ந்தது. மாட்டி முடித்து, அழகு பார்த்துவிட்டு, குரலில் பாசம் பொங்கச் சொன்னான்:

"எல்லாம் உன் கலர்தானே அக்கா!"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சொல்கிறான். ஸ்டூலை விட்டுவிட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை.

"எடது பக்கம் எறங்கியிருக்கு" என்றாள்.

சரி பண்ணிவிட்டு இறங்கினான். அவன் போன பிறகு நாற்காலியைப் படத்துக்கு முதுகு காட்டி எதிர்ச்சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.