வெயிலில் தெரியாத நெருப்பு

பெரிய போத்தலைப் பூட்டி வைத்துவிட்டு, சின்ன பீக்கரில் மட்டும் மெத்தனால் எரிசாராயத்தை அளந்து கொடுப்பது மங்களத்தின் வழக்கம். மலேசியாவின் ஜாசின் பக்கத்து இடைநிலைப் பள்ளியின் ஆய்வுக்கூட உதவியாளராக இருபத்திரண்டு வருடம் அதை அவள் மாற்றியதே இல்லை. அறிவியல் நாளன்று மாற்றினாள். பாழாய்ப்போன நாள்!

வெவ்வேறு உலோக உப்புத்தூள் போட்ட கிண்ணங்களில் மெத்தனாலை ஊற்றிக் கொளுத்தினால் பச்சை, சிவப்பு, ஊதா என்று எரியும். அந்த வேடிக்கையைப் பார்க்க வரவேண்டிய பெரிய மனிதர்கள் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் எரிந்து அடங்கிவிட்டது.

"அக்கா, போத்தலையே கொண்டாங்க. சீக்கிரம் லா!" என்றார் ஆசிரியர் புவனேந்திரன்.

கொண்டுபோனாள். போகிற வழியில், பின்னால் நின்று எட்டி எட்டிப் பார்த்த குள்ளமான தாரணியை, "அங்கேருந்து உனக்கு என்ன தெரியும்? முன்னாடி வா புள்ள" என்று கையைப் பிடித்து இழுத்து முன்வரிசையில் நிறுத்தினாள். படம் பிடிக்க வெளிச்சம் வேண்டுமென்று யாரோ ஜன்னல் திரைகளை விலக்கினார்கள். மெத்தனால் நெருப்பு வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்த கிண்ணத்தில் புவனேந்திரன் போத்தலைச் சாய்த்தார். போத்தல் வாயிலிருந்து நெருப்பு சீறிக்கொண்டு நேரே தாரணியின் முகத்தில் பாய்ந்தது.

மறுவாரமே ஆய்வுக்கூடச் சுவரில் பாதுகாப்பு விதிகள் புதிதாகத் தொங்கின. கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்! அறிக்கையும் தயாரானது: மாணவி சொல் கேளாமல் தானாக முன்னே போனாள். சாட்சி என்று மங்களத்தின் கையெழுத்து. வேலை போய்விடும் என்று பயந்து போட்டது.

போட்ட கை சும்மா இருக்கவிடவில்லை. உண்மையைச் சொல்லி அழுதுவிடலாம் என்று மலாக்கா மருத்துவமனைக்கு பஸ் ஏறினாள்.

"வாங்கக்கா" என்றாள் தாரணியின் அம்மா புனிதா. "ஸ்கூல்லேருந்து லெட்டர் வந்துச்சு. அடங்காப்பிடாரி! சொன்ன பேச்சு கேட்டிருந்தா மூஞ்சி இப்படி ஆயிருக்குமா?"

கட்டுத்துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "லேப் ஆண்ட்டியா? ஆண்ட்டி, நீங்கதானே என்னைய முன்னாடி கூப்பிட்டீங்க? அம்மா நம்பவே மாட்டேங்குறாங்க. ஒருவாட்டி சொல்லுங்க ஆண்ட்டி."

புனிதா மங்களத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஞாபகமில்லம்மா" என்றாள் மங்களம்.

"பாத்தியா?" என்று மகளைத் திட்டிக்கொண்டே புனிதா ஒரு குவளை மைலோ கலக்கி மங்களத்திடம் நீட்டினாள்.

வாங்கிக் குடித்தாள், பாவி.