ஆறு கிழமையில் கடற்படை

ஒஸ்வால்ட் கடற்படைக் கப்பல்களின் எஞ்சின் அறையில் இருபத்திரண்டு வருடம் வெந்தவர். ஓய்வுபெற்றுக் கொழும்பு, கொட்டாஞ்சேனையில் சும்மா இருந்தவரை வெள்ளவத்தை மண்டபம் ஒன்றுக்கு அழைத்திருந்தான் நவநீதகிருஷ்ணன். வெளிநாட்டுக் கடற்படைகளில் தொழில் எடுத்துத் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் அவன்.

"பேச ஒன்னும் வேணாம் அங்கிள். மெடலைக் குத்திக்கிட்டு மேடையில இருங்க, அது போதும்."

மேடையில் இருக்கச் சொல்லி அதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. அந்த ஆசையில் போய்விட்டார்.

திரையில் படங்கள் ஓடின. வெல்டர், எலக்ட்ரீஷியன், நீருக்கடியில் வேலை செய்யும் சுழியோடி, சமையல்காரர். எதையும் ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்துக்குள், பழகிவிடலாமாம். கப்பல் எஞ்சின் என்று நவநீதகிருஷ்ணன் காட்டியது ஏதோ ஒரு பெரிய ஏசி மெஷின். நகத்தில் ஒரு சொட்டு கிறீஸ் பட்டிராத பயல்! வாயைத் தவிர வேறு கருவி எதையும் தூக்கியிருக்கமாட்டான்.

கிருலப்பனையில் இரும்புக் கேட் செய்து கொடுக்கும் ஹபீஸ் என்ற இளைஞன் எழுந்தான். "தண்ணிக்குள்ளயும் வெல்டிங் செய்யணுமா சேர்?"

"அதெல்லாம் ஈஸி தம்பி. நம்ம அங்கிள் எத்தனை தரம் செஞ்சிருப்பாரு!"

சபை முழுவதும் ஒஸ்வால்டைப் பார்த்தது. அவர் எழுந்தார்.

"நான் ஒரு தரமும் செஞ்சதில்ல. அது சுழியோடிட வேலை. ஒரு குழாயை ஒழுங்கா ஒட்ட எனக்கு மூணு வருஷம் போச்சு. ஒட்டு விட்டிச்செண்டா வேகிறது நாங்க. வெளிநாட்டு நேவியில அந்தந்த நாட்டு ஆக்களைத்தான் பெரும்பாலும் எடுப்பாங்க. இவரு எந்தக் கப்பல்ல ஏறினவரெண்டு முதல்ல கேளுங்க."

நவநீதகிருஷ்ணன் சிரித்தான். "அங்கிளுக்கு வயசாச்சு."

சபையும் சிரித்தது. முன்வரிசையில் மகனோடு இருந்த அருள்நாயகி எழுந்தாள்.

"உங்களுக்குக் கிடைச்சது எங்கட பிள்ளையளுக்குக் கிடைக்கக்கூடாதோ? எரிச்சல் பிடிச்ச மனுசன்! இருங்கோ, அவர் சொல்லி முடிக்கட்டும்."

கைதட்டினார்கள். படிவம் வாங்க எழுந்து வரிசையில் நின்றார்கள். கப்பலில் முதல் அலைக்கே குடலைக் கக்கிய புதுப் பயல்களைக்கூட ஒஸ்வால்ட் இவ்வளவு கேவலமாக நினைத்ததில்லை. தானாக வந்து ஏமாறுகிற கூட்டத்துக்குத் தொழில் ஒரு கேடா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே படியிறங்கினார்.

ஹபீஸ் மட்டும் வெளியே வந்திருந்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நின்றார்.

"ஏன் அங்கிள், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே? போஸ்டர்ல உங்கட படத்தைப் பாத்துத்தான் நான் வந்தது. இண்டைக்கு ஒரு வேலையையும் விட்டுட்டு."

"என்ன போஸ்டர்?"

காலி நகருக்குப் போகும் பெருவீதியின் மதிலைக் காட்டிவிட்டு அவன் போய்விட்டான். நவநீதகிருஷ்ணன் கேட்டானென்று அவர் கொடுத்த பாஸ்போர்ட் படம் அங்கே ஆளுயரத்துக்கு ஒட்டியிருந்தது. கீழே 'கப்பல் தலைவர்' என்று போட்டிருந்தார்கள். தலைவரின் அறை வாசலில்கூட அவர் நின்றதில்லை.

நகத்தால் சுரண்டினார். பசை நல்ல பசை, ஓரம் மட்டும் கிழிந்தது. ஏறிய பஸ் பம்பலப்பிட்டி தாண்டுமுன் இன்னும் மூன்றைக் கண்டார். பக்கத்தில் இருந்தவர் போஸ்டரையும் அவரையும் மாறிமாறிப் பார்த்து, "நீங்களா?" என்றார்.

"ஓம்," என்றார் ஒஸ்வால்ட். "அந்த நாய் நான்தான்."