பல்லித்தலையனின் ஒன்றரை வினாடி

ஆறு படங்கள், பதினான்கு மணி நேரம். அதை நான் நாலரை மணி நேரமாக வெட்டினேன். அந்த விண்வெளித் தொடரை எடுத்தவர்களிடம் பணம் இருந்தது, கப்பல் இருந்தது. எதை எங்கே நிறுத்துவது என்கிற புத்தி மட்டும் இல்லை. நான் பிழைப்புக்குக் கம்பெனிகளின் பயிற்சி வீடியோக்களை வெட்டுகிறவன். தீயணைப்பானை எப்படிப் பிடிப்பது, ஏணியில் எப்படி ஏறுவது. அந்த வேலை பார்ப்பவனுக்கு வளவள என்று பேசுகிற படத்தைக் கண்டால் கை அரிக்கும். மூன்று வருடம், சனி ஞாயிறெல்லாம் போட்டு அந்தத் தொடரைச் சுத்தம் செய்தேன்.

ரசிகர்கள் கொண்டாடிவிட்டார்கள். புதிதாகப் பார்க்க வருகிறவர்கள் இப்போது அசலின் பக்கமே போவதில்லை, என்னுடையதைத்தான் தேடுகிறார்கள். இப்படிப் படங்களை வெட்டிப் போடுகிற எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படத்தோடு வெட்டுப்பட்டியலும் போடவேண்டும்: எதை நீக்கினோம், எவ்வளவு நேரம், ஏன். என் பட்டியல் பதினெட்டுப் பக்கம். அதில் நாற்பத்தோராவது வரி இது: "பல்லித்தலையன் வரும் காட்சிகள் அனைத்தும். பதினோரு நிமிடம். காரணம்: கதைக்குத் தேவையில்லை, நடிப்பும் தேறவில்லை."

பல்லித்தலையன் என் அண்ணன்.

கப்பல் சமையற்காரனாக, ரப்பர் முகமூடிக்குள், மூன்று படங்களில் வந்தான். மூன்றாவதில் சாகும்போது முகமூடி கிழியும். உள்ளே இருந்தவன் மனிதன் என்று அப்போதுதான் கதையில் தெரியும். அந்த நாலு வினாடிதான் அவன் சொந்த முகம். அதற்குப் பிறகு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறான்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் படத்தில் நடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்ற விளம்பரத்தைப் பார்த்தவன் நான். ஒரு மாதம் கண்ணாடி முன்னால் நின்று பழகியவனும் நான். துணைக்கு வா என்று அண்ணனை அழைத்துப்போனேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். எனக்குத் தாகமெடுக்க, அவன் தண்ணீர் கொண்டுவந்தான். சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்து இடது தோள் இறங்கிப்போனதால் அவன் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பான். அங்கிருந்த ஒருவர் அந்த நடையைப் பார்த்துவிட்டு, இவர்தான் என்று சொல்லிவிட்டார். என்னைப் பேசிக் காட்டச் சொல்லக்கூட இல்லை. வயிறு எரிந்தது, இன்னும் அணையவில்லை. அதனால்தான் வெட்டினாயா என்று யாராவது கேட்டால், பட்டியலைப் படித்துப்பார் என்பேன்.

அண்ணன் சண்டைக்கு வரவில்லை. ஒரு நாள் என் அறைக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"பதினோரு நிமிஷத்தையும் கேக்கலடா. அந்த நாலு செகண்ட மட்டும் திருப்பி வை. ஸ்கூல்ல பாப்பாவ யாரும் நம்ப மாட்டேங்கறாங்க."

பாப்பா என்பது அவனுடைய எட்டு வயது மகள். வீட்டில் நாங்கள் வைத்த பெயர் வாலு. அவள் வகுப்பில் எல்லோரும் பார்த்தது என் வெட்டு. அதில் அவள் அப்பா இல்லை. ஆகவே அவள் புளுகுணி. அசலைக் காட்டவேண்டியதுதானே என்றேன். காட்டினாளாம். உன் சித்தப்பா கம்ப்யூட்டரில் ஒட்டிக் கொடுத்தது என்று சிரித்தார்களாம்.

படத்தின் வேகம் கெட்டுப்போகும் என்றேன். நாலு செகண்டிலா என்று கேட்டான். சொன்னால் உனக்குப் புரியாது என்றேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரியாக இருப்பதில் இவ்வளவு சுகமா என்று அன்றுதான் தெரிந்தது. என் மேசை விளக்கு ஆடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அதன் திருகாணியை முடுக்கிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சாப்பிடக் கூப்பிட்டார். போனபோது வாலு டிவிக்கு ஒரு சாண் தள்ளி நின்று என் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று நிறுத்தினாள். கப்பலின் நீண்ட நடைபாதை. முன்னால் கேப்டன் பேசுகிறாள். வெகு பின்னால், கலங்கலாக, ஒருவன் முதுகைக் காட்டியபடி மூட்டையோடு போகிறான்.

"சித்தப்பா, இது அப்பாதானே? தோளப் பாருங்க."

அவனேதான். ஒன்றரை வினாடி. முகமூடியைத் தேடித் தேடி வெட்டிய நான் முதுகைத் தேடவில்லை. அண்ணி கரண்டியோடு ஓடிவந்தார். வாலு கேட்டாள் என்று அண்ணன் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்து காட்டினான். அவள் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக் குதித்தாள். வெள்ளிக்கிழமை வகுப்பில் இதை ஓடவிட்டு, பக்கத்திலேயே அப்பாவை நடக்கவைப்பாளாம். டீச்சரிடம் அவளே கேட்டுக்கொள்வாளாம். அண்ணன் அப்போதே அரை நாள் லீவு போடுவதாகச் சொன்னான்.

"எங்க யாருக்கும் சொல்லாம உள்ள வச்சிருந்தீங்களா தம்பி?" என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே எனக்கு மறுபடி பரிமாறினார். அண்ணன் என் தோளில் கையை வைத்தான். நான் பாசத்தில் ஒளித்துவைத்தேன் என்று நம்பிவிட்டான். அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கையைத்தான் தாங்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை, ஆபீஸ் சாப்பாட்டு நேரத்தில், அந்த நடைபாதைக் காட்சியைத் திறந்தேன். கேப்டனின் முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன். பின்னால் போனவன் திரைக்கு வெளியே போய்விட்டான். பத்து நிமிட வேலை. பழையதை இணையத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றினேன். இனி யார் எங்கே பார்த்தாலும் இதுதான் ஓடும். வழக்கத்தை மீறக்கூடாது அல்லவா, பட்டியலிலும் ஒரு வரி சேர்த்தேன்: "நடைபாதையில் பின்னணி ஆள். ஒன்றரை வினாடி. காரணம்: முன்பு கவனக்குறைவால் விடுபட்டது."

வியாழக்கிழமை மாலை வாலு போன் செய்தாள். டீச்சர் சம்மதித்துவிட்டார், ஆனால் ஐந்து நிமிடம்தான் தருவாராம். அதனால் அப்பா சரியாக எந்த நிமிடத்தில் வருகிறார் என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். பேனா தேடுகிற சத்தம் கேட்டது. நாளைக்குப் போட அண்ணன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பதாக அண்ணி பின்னாலிருந்து சொல்லிச் சிரித்தார்.

"ஒரு மணி பன்னெண்டாவது நிமிஷம்," என்றேன். "எல்லாரையும் கிட்ட வந்து பாக்கச் சொல்லு."